அலை இல்லாத ஊருக்கு அலைப்பலகை எதற்கு? – சர்ஃப் ஸ்கேட்டின் கதை

ஆர்.கே.பேட்டையில் கடல் இல்லை. திருத்தணி மலை இருக்கிறது, ஆந்திர எல்லை இருக்கிறது, தெருவுக்குத் தெரு தறிச்சத்தம் இருக்கிறது. கடலைப் பார்க்க வேண்டுமானால் கிட்டத்தட்ட நூறு கிலோமீட்டர் போக வேண்டும். அப்படிப்பட்ட ஊரில் ஒரு பையனோ பெண்ணோ கையில் செல்போனை வைத்துக்கொண்டு, கடல் அலைமேல் போவதுபோலத் தார் ரோட்டில் வளைந்து வளைந்து போகும் பலகையைப் பார்த்து, "இதை வாங்கலாமா?" என்று கேட்டால் என்ன பதில் சொல்வது?

அந்தப் பலகைக்குப் பெயர் சர்ஃப் ஸ்கேட். பார்த்தால் சாதாரண ஸ்கேட்போர்டு மாதிரிதான் இருக்கும், வேலை வேறு. ஸ்கேட்போர்டில் ஒரு காலால் தரையை உதைத்து உதைத்துப் போக வேண்டும். சர்ஃப் ஸ்கேட்டில் காலைக் கீழே வைக்கவே வேண்டாம். இடுப்பையும் தோளையும் திருப்பித் திருப்பி வளைந்தாலே வண்டி ஓடும். ஆனால் குதிக்க, படிக்கட்டில் தாவ, கம்பியில் வழுக்க இது லாயக்கில்லை. ஒரே ஒரு வேலைக்கென்று செய்த பலகை. அப்படி ஒற்றை வேலைக்கான பொருளைக் காசு கொடுத்துச் சொந்தமாக வைத்துக்கொள்ளலாமா என்பதுதான் கேள்வி. இதற்குப் பதில் விலைப்பட்டியலில் கிடைக்காது, வரலாற்றில் கிடைக்கும். கொஞ்சம் பின்னால் போய்ப் பார்ப்போம் வாங்க.

பேரிங் வண்டியும் கலிபோர்னியாவும்

நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு பேரிங் வண்டி தெரியும். மெக்கானிக் கடையில் தூக்கிப்போட்ட பழைய பேரிங் மூன்று, ஒரு பலகை, முன்னால் திருப்புவதற்கு ஒரு குறுக்குக் கட்டை. அவ்வளவுதான் வண்டி. கரகரவென்று சத்தம் போட்டுக்கொண்டு மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஓடும்.

ஸ்கேட்போர்டும் இப்படித்தான் பிறந்தது. 1950களில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில், பிள்ளைகள் ரோலர் ஸ்கேட்டின் சக்கரங்களைக் கழற்றிப் பலகையின் அடியில் அடித்து ஓட்டினார்கள். அங்கே கடற்கரையில் அலைச்சறுக்கு பிரபலம். அலை வராத நாளில் என்ன செய்வது? ரோட்டையே அலையாக்கிக்கொண்டார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயரே 'நடைபாதை அலைச்சறுக்கு'. ஆக, ஸ்கேட்போர்டு பிறந்ததே கடலுக்கு மாற்றாகத்தான். இது முக்கியம், மறக்காதீர்கள்.

1963 வாக்கில் லாரி ஸ்டீவன்சன் என்பவர் 'மகாஹா' என்ற பெயரில் நல்ல தரமான பலகைகளைச் செய்து விற்க ஆரம்பித்தார். 1965 மே மாதம் புகழ்பெற்ற 'லைஃப்' பத்திரிகையின் அட்டையில், பலகைமேல் தலைகீழாகக் கைகளால் நின்றபடி பாட்டி மெக்கீ என்ற இளம்பெண் வந்தார். ஊரெல்லாம் பலகை!

ஆனால் அந்த ஆண்டு முடிவதற்குள் எல்லாம் படுத்துவிட்டது. காரணம் சக்கரம். அன்றைய சக்கரங்கள் களிமண் கலந்த ஒரு கலவையால் ஆனவை. சின்னக் கல் ஒன்று குறுக்கே வந்தாலும் சக்கரம் நின்றுவிடும், ஆள் மட்டும் முன்னால் பறப்பான். அடிபட்டவர்கள் அதிகமானதும் பல நகரங்கள் தடை போட்டன. வியாபாரிகளிடம் சரக்கு தேங்கியது. காமர்ஸ் படிப்பவர்களுக்குப் புரியும்படி சொன்னால், கிராக்கி ஏறும் வேகத்தைப் பார்த்து உற்பத்தி செய்தவர்கள், அது இறங்கும் வேகத்தைக் கணக்கில் வைக்கவில்லை.

ஒரு சக்கரம் மாற்றிய தலையெழுத்து

செத்துப்போன விளையாட்டுக்கு உயிர் கொடுத்தவர் ஃபிராங்க் நாஸ்வொர்த்தி. வர்ஜீனியா மாநிலத்தில் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் ரோலர் ஸ்கேட்டுக்காகச் செய்த யூரித்தேன் சக்கரங்களை அவர் பார்த்தார். அவை மென்மையானவை, தரையைப் பிடித்துக்கொள்ளும், கல்லைக் கண்டால் நின்றுவிடாமல் ஏறிப் போகும். கலிபோர்னியாவுக்குப் போன நாஸ்வொர்த்தி 1970களின் தொடக்கத்தில் 'காடிலாக்' என்ற பெயரில் இந்தச் சக்கரங்களை விற்றார்.

சக்கரம் தரையைப் பிடித்தால் என்ன ஆகும்? பயமில்லாமல் சாயலாம். சாய்ந்தால் வளையலாம். அலைமேல் செய்வதையெல்லாம் தார்மேல் செய்யலாம். அந்தச் சமயத்தில் ஹவாய் தீவின் லாரி பெர்டில்மன் அலையில் மிகத் தாழ்வாகக் குனிந்து, கையால் தண்ணீரைத் தொட்டபடி திரும்பும் ஒரு பாணியில் கலக்கிக்கொண்டிருந்தார். சாண்டா மோனிகாவில் 'செஃபிர்' என்ற அலைப்பலகைக் கடையைச் சேர்ந்த இளைஞர்கள் அதைப் பார்த்து, அதேபோலக் குனிந்து, கையால் சிமெண்டுத் தரையைத் தொட்டுத் திரும்பினார்கள். டோனி ஆல்வா, ஜே ஆடம்ஸ், ஸ்டேசி பெரால்டா, அந்தக் குழுவின் ஒரே பெண்ணான பெக்கி ஓகி எல்லோரும் இந்தக் கூட்டம்தான். 1975-ல் டெல் மார் என்ற இடத்தில் நடந்த போட்டியில் இவர்களைப் பார்த்துத்தான் ஸ்கேட்போர்டு உலகம் தலைகீழானது. பணக்காரக் குடும்பத்துப் பிள்ளைகள் அல்ல இவர்கள். பழைய கடற்கரைப் பேட்டை ஒன்றின் சந்துகளில் வளர்ந்தவர்கள்.

அடுத்து 1976-77ல் கலிபோர்னியாவில் கடும் வறட்சி. வீட்டு நீச்சல் குளங்கள் வற்றிக் கிடந்தன. இவர்கள் சுவரேறிக் குதித்து, காய்ந்த குளங்களின் வளைந்த சுவர்களில் பலகை ஓட்டினார்கள். ஊருக்கு வறட்சி, இவர்களுக்கு அலை!

ஆனால் பயமும் கூடவே வளர்ந்தது. நார்வே நாடு 1978-ல் ஸ்கேட்போர்டையே சட்டம் போட்டுத் தடை செய்தது. 1989 வரை அந்தத் தடை நீடித்தது என்றால் பாருங்களேன்.

வளைவு தொலைந்தது

இதே சமயத்தில் ஃபுளோரிடாவின் ஆலன் கெல்ஃபாண்ட் கையால் பிடிக்காமல் பலகையோடு மேலே எழும்பும் ஒரு வித்தையைக் கண்டுபிடித்தார். அதுதான் 'ஒல்லி'. 1980களில் ராட்னி மல்லன் அதைச் சமதரையிலும் செய்து காட்டினார். அவ்வளவுதான், ஆட்டமே மாறியது. படிக்கட்டு, கைப்பிடிக் கம்பி, திண்ணை எல்லாமே மைதானம்.

குதிப்பதற்குப் பலகை லேசாக வேண்டும், சக்கரம் சிறிதாக வேண்டும். எனவே சக்கரம் சுமார் 52 மில்லிமீட்டராகச் சுருங்கியது, கல்போலக் கெட்டியானது. ஸ்கேட்போர்டு பல வித்தைகளைக் கற்றுக்கொண்டது. ஆனால் எதற்காகப் பிறந்ததோ அந்த வளைவை இழந்தது. அலையிலிருந்து வந்த பிள்ளை அலையை மறந்துவிட்டது.

தொலைந்ததைத் தேடியவர்கள்

அந்த வளைவை மீட்கப் பலர் முயன்றார்கள். ஒவ்வொருவரும் ஒவ்வொரு தனிப் பலகை செய்தார்கள்.

1989-ல் தென்னாப்பிரிக்காவில் 'ஸ்னேக்போர்டு' வந்தது. நடுவில் ஒரு தண்டு, இரு முனையிலும் காலுக்கு ஒவ்வொரு தட்டு. இரண்டு தட்டையும் உள்ளும் புறமும் திருகினால் பாம்பு மாதிரி ஓடும். 1990களில் உலகம் முழுக்க விற்றது. பிறகு மோகம் அடங்கி, இன்று ஒரு சிறு கூட்டம் மட்டும் 'ஸ்ட்ரீட்போர்டு' என்ற பெயரில் ஓட்டுகிறது.

பனிச்சறுக்குக்காரர்களுக்காக சான் பிரான்சிஸ்கோவில் 'ஃப்ரீபோர்டு' வந்தது. அதில் ஆறு சக்கரம். நடுவிலுள்ள இரண்டு எந்தப் பக்கமும் சுழலும். 'ஃப்ளோபோர்டு' என்று இன்னொன்று, முனைக்கு ஏழாகப் பதினான்கு சக்கரம்! வில்போன்ற அச்சில் வரிசையாக இருக்கும், அதனால் ரொம்பவும் சாய்ந்து வளையலாம். அப்புறம் இரண்டே சக்கரத்தில் நடுவில் முறுக்கும் 'வேவ் போர்டு'. இது நம் ஊர்க் கடைகள் வரைக்கும் வந்துவிட்டது.

1990களின் நடுவில் கலிபோர்னியாவின் வெனிஸ் பகுதியில் கிரெக் ஃபால்க், நீல் கார்வர் என்ற இரு நண்பர்கள் அலையில்லாத நாட்களில் அலையின் உணர்வு வேண்டும் என்று யோசித்தார்கள். மற்றவர்கள் பலகையையே மாற்றினார்கள். இவர்கள் மாற்றியது முன் டிரக்கை மட்டும்தான்.

டிரக் என்பது லாரி இல்லைங்க! பலகைக்கும் சக்கரத்துக்கும் நடுவே இருக்கும் உலோகப் பகுதிக்கு அதுதான் பெயர். பலகை சாய்ந்தால் அச்சு கொஞ்சம் திரும்பும், நடுவிலுள்ள ரப்பர் புஷ் அதை மீண்டும் நேராக்கும். சாதாரண டிரக்கின் வேலை இவ்வளவுதான். இந்த நண்பர்கள் முன் டிரக்கில் பக்கவாட்டில் ஆடும் ஒரு கையையும் அதற்கு ஒரு ஸ்பிரிங்கையும் சேர்த்தார்கள். பின் சக்கரம் ஒரே இடத்தில் நிலையாக நிற்க, முன்பகுதி மட்டும் பெரிதாகத் திரும்பும். அலைப்பலகையில் பின்னால் இருக்கும் துடுப்பைப் போல.

உதைக்காமல் எப்படி ஓடுகிறது? ஊஞ்சலை நினைத்துக்கொள்ளுங்கள். யாரும் தள்ளாமலே, சரியான நேரத்தில் குந்தி எழுந்தால் ஊஞ்சல் வேகம் பிடிக்கும் அல்லவா? இங்கேயும் வளைவுக்குள் போகும்போது குனிந்து, வெளியே வரும்போது எழுந்து, தோளைத் திருப்பினால் ஒவ்வொரு வளைவிலும் கொஞ்சம் வேகம் சேரும். சக்கரமும் மீண்டும் பெரிதாகி 65 முதல் 70 மில்லிமீட்டர் வரை போனது, மென்மையானது.

மற்றத் தனிப் பலகைகள் ஓரமாய் ஒதுங்கிப்போனபோது இது ஏன் நிலைத்தது? முக்கால்வாசி பாகங்கள் சாதாரண ஸ்கேட்போர்டின் பாகங்களே என்பது ஒரு காரணம். பலகை, சக்கரம், பேரிங் எல்லாம் எங்கும் கிடைப்பவை. இன்னொன்று, கடலில் சறுக்குபவர்களுக்கு இது பயிற்சிக் கருவியாகவும் ஆனது. பிறகு ஆஸ்திரேலியா, ஸ்பெயின் என்று பல நாடுகளில் இதேபோன்ற டிரக்குகள் வந்தன. 2020-ல் கொரோனா வந்து உலகமே வீட்டில் அடைந்தபோது இதற்கு யோகம் அடித்தது. 2021 தொடக்கத்தில் தாய்லாந்தில் சர்ஃப் ஸ்கேட் மோகம் உச்சத்தில் இருந்தது. மோகம் வந்த வேகத்தில் தணியவும் செய்தது. 1965-ன் கதைதான், ஆனால் இந்த முறை பலகை சாகவில்லை.

நம் கரைக்கு வந்த அலை

தமிழ்நாட்டுக்கும் அலைக்கும் உள்ள உறவு புதிதல்ல. ஆங்கிலத்தில் 'கட்டமரன்' என்று சொல்கிறார்களே, அது நம் கட்டுமரம்தான். ஆனால் அலையை விளையாட்டாகப் பார்ப்பது புதிது.

சென்னைக்குத் தெற்கே கோவளத்தில் மூர்த்தி மேகவன் என்ற மீனவர், சிறுவயதில் கிடைத்த மரப்பலகையை வைத்து அலையில் சறுக்கியவர். பிறகு முறையான அலைப்பலகை கிடைத்து, தானே கற்று, ஊர்ப் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுத்தார். தொழிலதிபர் அருண் வாசுவின் துணையோடு 2012-ல் கோவளத்தில் அலைச்சறுக்குப் பள்ளி உருவானது. குடிக்கக் கூடாது, புகைக்கக் கூடாது என்பது அங்கே கட்டுப்பாடு. பலகை வாங்க வசதியில்லாத மீனவப் பிள்ளைகளுக்கு அங்கேயிருந்த பலகைகளே பலகை.

மாமல்லபுரத்தில் கமலி மூர்த்தி. மீனவர் குப்பத்துச் சிறுமி. அமெரிக்க ஸ்கேட்போர்டு வீரர் ஜேமி தாமஸ் அங்கு வந்தபோது, வெறுங்காலோடு, கவுன் போட்டுக்கொண்டு சரிவில் பலகை ஓட்டும் அந்தக் குழந்தையின் படம் உலகமெங்கும் பரவியது. சாஷா ரெயின்போ இயக்கிய 'கமலி' என்ற 24 நிமிட ஆவணப்படம் 2019-ல் வெளிவந்து, 2020-ல் பிரிட்டனின் பாஃப்டா விருதுக்குப் பரிந்துரையானது. படத்தில் கமலி மட்டும் இல்லை. தனக்குக் கிடைக்காத சுதந்திரம் மகளுக்காவது கிடைக்கட்டும் என்று நினைக்கும் ஒரு தாயும் இருக்கிறார். 'பெண் பிள்ளைக்கு எதுக்கு இதெல்லாம்' என்ற பேச்சைத் தாண்டித்தான் அந்தப் பலகை ஓடியது. பின்னாளில் கமலி கடலுக்கும் போய், தேசிய அளவிலான அலைச்சறுக்குப் போட்டிகளில் பட்டம் வென்றார். ரோட்டுப் பலகையும் கடல் பலகையும் உறவு என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டுமா?

2025 ஆகஸ்டில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டி மாமல்லபுரத்திலேயே நடந்தது. கர்நாடகத்தின் ரமேஷ் புதிஹால் அதில் வெண்கலம் வென்றார். அதே ஆண்டு சீனாவில் நடந்த உலக ஸ்பீடு ஸ்கேட்டிங் போட்டியில் தமிழ்நாட்டின் ஆனந்த்குமார் வேல்குமார் 1000 மீட்டரில் தங்கம் வென்றார். காலில் சக்கரம் கட்டியவர்கள் வெட்டி வேலை பார்க்கிறார்கள் என்று இனி யாரும் சொல்ல முடியாது.

கடலே இல்லாத ஊருக்கும் ஓர் உதாரணம் உண்டு. மத்தியப் பிரதேசத்தின் பன்னா மாவட்டத்தில் ஜன்வார் என்ற கிராமம். ஜெர்மனியைச் சேர்ந்த உல்ரிகே ரெய்ன்ஹார்ட் 2015-ல் அங்கே ஒரு ஸ்கேட் பூங்கா கட்டினார். அங்கே இரண்டு விதிகள்: பள்ளிக்குப் போகாதவருக்குப் பலகை இல்லை, பெண் பிள்ளைகளுக்கு முதலிடம். ஆதிவாசிப் பிள்ளைகளும் யாதவர் வீட்டுப் பிள்ளைகளும் ஒரே சரிவில் ஓட்டினார்கள். ஊர் தனித்தனியாய் உட்கார்ந்திருந்த இடத்தில், பலகைகள் பொதுவாய் இருந்தன.

சரி, வாங்கலாமா?

இப்போது கணக்குக்கு வருவோம்.

பெயர்பெற்ற சர்ஃப் ஸ்கேட் அமெரிக்கச் சந்தையிலேயே சுமார் 200 முதல் 300 டாலர். இங்கே வந்து சேர்வதற்குள் வரி, கூரியர் செலவு வேறு. டெகாத்லான் போன்ற நிறுவனங்கள் தங்கள் பெயரிலேயே இதைவிட மலிவாகச் செய்திருக்கின்றன. எப்படியானாலும் ஒரு கல்லூரி மாணவருக்கு அது பெரிய தொகைதான்.

ஒரு பொருளை 'சொத்து' என்று சொல்ல வேண்டுமானால் அது பயன் தர வேண்டும். தறி வாங்கினால் தினமும் நெய்யும், கடன் அடையும். பலகை சம்பாதிக்காது. அப்படியானால் அதன் பயனை ஓட்டும் நாட்களால்தான் அளக்க வேண்டும். வாங்கிய விலையை ஓட்டிய நாட்களால் வகுத்துப் பாருங்கள். வருடத்தில் இருநூறு நாள் ஓட்டினால் தினசரிச் செலவு வெகுவாக இறங்கிவிடும். பத்து நாள் ஓட்டிவிட்டுக் கட்டிலுக்கடியில் போட்டால், ஊரிலேயே விலை உயர்ந்த பலகை அதுதான்.

அடுத்தது பழுதுச் செலவு. இதன் பேரிங்கின் எண் 608. உள்விட்டம் 8, வெளிவிட்டம் 22, தடிமன் 7 மில்லிமீட்டர். சின்ன மோட்டார்களிலும் இதே எண்தான் வரும், எனவே சாதாரண பேரிங் கடையிலேயே கிடைக்கும். சக்கரத்தையும் எப்படியாவது வாங்கிவிடலாம். ஆனால் முன் டிரக்கின் ஸ்பிரிங்கும் புஷ்ஷும் அந்தந்தக் கம்பெனிக்கே உரியவை. அது போனால் வெளியூரிலிருந்தோ வெளிநாட்டிலிருந்தோதான் வர வேண்டும். வாங்கும் முன் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. உதிரி பாகம் கிடைக்காமல் ஒதுங்கிய பலகைகளின் கதையை மேலே பார்த்தோமே.

மூன்றாவது, இடம். இது மலைப்பாதைக்கான வண்டி அல்ல! முன்பகுதி அவ்வளவு லேசாகத் திரும்புவதால், சரிவில் வேகம் பிடித்தால் ஆடத் தொடங்கிவிடும், பிரேக்கும் கிடையாது. திருத்தணி மலையை நினைத்து வாங்குபவர் அந்த எண்ணத்தை அங்கேயே விட்டுவிடுவது உத்தமம். லாரியும் பஸ்ஸும் போகும் ரோடும் ஆகாது. வழவழப்பான சிமெண்டுத் தரை, லேசான சரிவு, வண்டி வராத இடம் வேண்டும். விடுமுறை நாளில் அனுமதியோடு பள்ளியின் கூடைப்பந்துத் தளம், காலியான களம், புதிதாய்ப் போட்ட சிமெண்டுத் தெரு இருந்தால் போதும். ஹெல்மெட், முழங்கால் கவசம், மணிக்கட்டுக் கவசம் மூன்றும் பலகையின் விலையோடு சேர்ந்த செலவு. தனிச் செலவு என்று நினைத்தால் அதைத்தான் முதலில் வெட்டுவோம், பிறகு ஆஸ்பத்திரியில் கட்டுவோம்.

நான்காவது, எதற்காக வாங்குகிறோம் என்பது. குதிக்கும் வித்தைகள் பழக ஆசையென்றால் சாதாரண ஸ்கேட்போர்டே போதும், விலையும் குறைவு. ஓரிடத்திலிருந்து இன்னோரிடம் போகத்தான் வேண்டுமென்றால் சைக்கிளை மிஞ்ச எதுவும் இல்லை. வளைவின் சுகம் ஒன்றே போதும் என்பவருக்கு மட்டும்தான் சர்ஃப் ஸ்கேட்.

ஒருவர் பலகையா, ஊர்ப் பலகையா?

இத்தனை வரலாற்றிலும் ஒரு விஷயம் மறுபடி மறுபடி வருகிறது. இந்த விளையாட்டை வளர்த்தவர்கள் பெரும்பாலும் விலை உயர்ந்த பலகையைத் தனியாக வைத்திருந்தவர்கள் அல்ல. வெனிஸ் சந்துப் பிள்ளைகளுக்கு ஒரு கடை இருந்தது. கோவளத்துப் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி இருந்தது. ஜன்வார் பிள்ளைகளுக்கு ஒரு பூங்கா இருந்தது. பலகை பலர் காலில் ஏறி இறங்கியது.

பொருளாதாரக் கணக்கும் அதையேதான் சொல்கிறது. ஒருவர் ஒரு நாளில் ஒரு மணி நேரத்துக்குமேல் இதை ஓட்ட முடியாது, தொடை வலி எடுத்துவிடும். மீதி இருபத்து மூன்று மணி நேரமும் அந்த முதலீடு சும்மா கிடக்கிறது. ஐந்து பேர் காசு போட்டு ஒரு பலகையும் இரண்டு அளவில் கவசமும் வாங்கினால், ஆளுக்குச் செலவு ஐந்தில் ஒரு பங்கு. ஒருவர் ஓட்டும்போது நாலு பேர் பார்த்துத் தப்பைச் சொல்லலாம். யாருக்குப் பிடிக்கவில்லையோ அவர் பங்கை இன்னொருவர் வாங்கிக்கொள்ளலாம். கூட்டு வணிகப் பாடத்தில் படித்தது இதுதானே? பங்குதாரர் ஒப்பந்தத்தில் ஜன்வாரின் இரண்டாவது விதியையும் சேர்த்துக்கொண்டால் இன்னும் நல்லது. வீட்டுக் குழந்தைகளில் காத்திருக்கச் சொல்லப்படுவது எப்போதும் தங்கைதான். இங்கேயாவது முதல் முறை அவளுடையதாக இருக்கட்டும்.

ஆக, ஒற்றை ஆளாக, மோகத்தில், மலைப்பாதையை நினைத்து வாங்குவதென்றால் வேண்டாம். இடம் பார்த்து, உதிரி பாகம் விசாரித்து, நாலு பேர் சேர்ந்து வாங்குவதென்றால் தாராளமாக வாங்கலாம். கடல் இல்லையே என்ற கவலை மட்டும் வேண்டாம். இந்தப் பலகையே அலை இல்லாத நாளுக்காகப் பிறந்ததுதான். ஆர்.கே.பேட்டையில் எல்லா நாளும் அலை இல்லாத நாளே!